உட்டுட்டு வந்த எடம்

வேலை நடக்கிற இடத்தில் ஒருத்தர் சும்மா வந்து நின்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எல்லைத் தகராறு. அதனால் குப்பாயி தொடர்ந்து நாலு ஞாயிற்றுக்கிழமை ஜேசிபிக்குப் பின்னால் வந்து நின்றபோது ஊத்துப்பாளையத்தில் யாரும் வேறுமாதிரி நினைக்கவில்லை. அவள் புருஷன் வெள்ளியங்கிரி வரப்பை வாய்க்காலுக்குள் தள்ளிப் போட்டிருக்கிறார், அது வெளியே வந்துவிடும் என்று பெண்டாட்டியைக் காவலுக்கு அனுப்பியிருக்கிறார் என்று டீக்கடையில் பேசி முடித்துவிட்டார்கள். டீக்கடையில் பேசி முடித்ததை மாற்ற தாசில்தாராலும் ஆகாது.

கொல்லிமலை அடிவாரத்து ஓடையில் பிரிந்து ஏழு கிலோமீட்டர் வந்து ஊர் ஏரியில் விழவேண்டிய வாய்க்கால் அது. தண்ணீர் வந்து நாற்பது வருஷமாகிறது. சீமைக்கருவேல் அடைந்து, அதற்கு மேல் சிமெண்ட் சாக்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து, கோழிப்பண்ணைக்காரர்கள் செத்த கோழியை மூட்டை கட்டி வீசி, வாய்க்கால் என்று சொன்னால்தான் வாய்க்கால் என்று தெரியும். ராசிபுரத்தில் பாலிடெக்னிக் வாத்தியாராக இருக்கும் இளவழகன் வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்தார். லாரி பாடி கட்டும் பட்டறைப் பையன்கள், முட்டைக் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், நாமக்கல்லில் நர்ஸாக இருக்கும் தமிழினி என்று முப்பது பேர் சேர்ந்தார்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்து முள் வெட்டுவார்கள், குப்பை பொறுக்குவார்கள். வாடகை ஜேசிபி பின்னாலேயே வந்து வண்டலை அள்ளிக் கரையில் போடும். குப்பாயியின் மகன் சந்தோஷ்குமாரும் அந்தக் குழுவில் இருந்தான்.

இளவழகன் தன்மையான மனிதர். டீக்கடைப் பேச்சு காதில் விழுந்ததும் சர்வே வரைபடத்தை எடுத்துக்கொண்டு குப்பாயியிடம் வந்தார்.

"அக்கா, உங்க காடு இன்னும் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்குதுங்க. உங்க வரப்புல ஒரு சாண் கூட நாங்க தொடமாட்டோம். இதப் பாருங்க, வாய்க்காலுக்கு அகலம் போட்டிருக்குது."

"நான் வரப்புக்கு நிக்கலீங்."

"பொறவு எதுக்குங்க இந்த வெயில்ல நிக்கறீங்க?"

"சும்மாதானுங். நீங்க சோலியப் பாருங்க சாமி."

அவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். ஆடி மாதக் காற்று மண்ணை வாரி எல்லோர் முகத்திலும் அடித்தது. குப்பாயி முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு பக்கெட் மேலே எழும்புவதையும் திரும்புவதையும் மண்ணைக் கொட்டுவதையும் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு தடவை கொட்டும்போதும் இரண்டடி முன்னால் போய்க் குனிந்து பார்ப்பாள். அதைத்தான் வண்டி ஓட்டுகிறவனால் தாங்க முடியவில்லை.

வண்டி ஓட்டியவன் பச்சமுத்து, ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வண்டியை அணைத்துவிட்டுப் புளியமரத்தடியில் தக்காளிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தான். குப்பாயி தூக்குப்போசியிலிருந்து மோரை ஊற்றி, உரித்த சின்ன வெங்காயம் நாலையும் சேர்த்துக் கொடுத்தாள்.

"ஏம்மா, நீங்க பாட்டுக்கு வண்டி பின்னாடி வந்து வந்து குனியறீங்க. பக்கெட்டு பட்டா தலை மிஞ்சாது. அப்புறம் போலீஸ் ஸ்டேஷன்ல நான் போய் நிக்கணும்."

"வெலகித்தான் நிக்கறனுங்."

"என்னாத்த தேடறீங்கன்னு சொல்லுங்க, நானே பாத்து எடுத்துத் தரேன். தோடு கீடு தொலைச்சீங்களா?"

குப்பாயி சுற்றிலும் பார்த்தாள். பையன்கள் தள்ளி உட்கார்ந்து செல்போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரனிடம் சொல்வது உள்ளூர்க்காரனிடம் சொல்வதைவிட எளிது.

"என்ற கொழந்தை ஒண்ணு இதுக்குள்ள இருக்குதுங். எந்த எடம்னு எனக்குத் தெரியாது. எலும்பு கிலும்பு தட்டுப்பட்டா எடுத்துப் பக்குவமா வேற எடத்துல வெச்சுக்கலாம்னுதான் நிக்கறேன்."

பச்சமுத்து கையிலிருந்த சோற்றை வாயில் போடாமல் பொட்டலத்திலேயே வைத்தான்.

"எத்தன வயசும்மா?"

"ரெண்டு நாளுங்."

மைதிலி, சத்யபிரியா என்று இரண்டு பெண்களுக்குப் பிறகு மூன்றாவதும் பெண். முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுப் பிரசவம். இரண்டாம் நாள் குப்பாயிக்கு ஜன்னி மாதிரி காய்ச்சல் கண்டு நினைவு தப்பிவிட்டது. கண் திறந்தபோது பக்கத்தில் குழந்தை இல்லை. மாமியார் அங்கம்மாள், "அது போயிருச்சு, நீயாவது பொழைச்சியே" என்றாள். வெள்ளியங்கிரி பொழுது இருட்டினபிறகு வெளியிலிருந்து வந்து கை கால் கழுவினார். அங்கம்மாள் என்ன ஆச்சு என்று கேட்டதும், அவர் "உட்டுட்டு வந்துட்டேன்" என்றதும் படுத்திருந்த குப்பாயியின் காதில் விழுந்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

பச்சைக்குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். அதற்குக் கல்லும் கிடையாது, கருமாதியும் கிடையாது. நாய் தோண்டாமல் இருக்க மேலே முள் வெட்டிப் போடுவார்கள். பெண்கள் யாரும் கூடப் போவதில்லை. வாய்க்காலுக்குத்தான் எடுத்துப் போனார் என்பதையே ஒரு மாதம் கழித்து மாமியார் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டாள். எந்த இடம் என்று புருஷனிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். ஆம்பளைக்கும் மனசு இருக்கும், அதைக் கிளறக்கூடாது என்று பிறகு அவள் கேட்கவில்லை.

ஆடிப் பதினெட்டு அன்று ஒரு சொம்புப் பாலை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போவாள். ஒரே இடத்தில் ஊற்றினால் அது தப்பான இடமாகப் போய்விடுமோ என்று தள்ளித் தள்ளி மூன்று இடத்தில் ஊற்றுவாள். அன்றைக்குக் காலையில் எருமையைக் கறந்து சொம்பை நிறைத்து அவள் கையில் கொடுப்பது வெள்ளியங்கிரிதான். அவரும் வாயைத் திறக்கமாட்டார், அவளும் திறக்கமாட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து துக்கம் காப்பது இப்படித்தான் என்று அவள் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள்.

அன்று மத்தியானத்துக்கு மேல் ஜேசிபி எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தது. பக்கெட்டின் பல்லால் மண்ணைச் சீவிச் சீவி எடுத்தான் பச்சமுத்து. டீசல் தீர்கிறதே என்று இளவழகன் வண்டிக்குப் பக்கத்தில் வந்தார்.

"என்னங்க பச்சமுத்து, காலையில ஆயிரம் அடி போனீங்க. இப்ப நூறடி கூட ஆகல."

"ஹைட்ராலிக் மக்கர் பண்ணுது சார். வேகமா இழுத்தா ஓஸ் பிச்சுக்கும்."

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் அன்று பொழுது சாய்ந்து வண்டியை நிறுத்தும்போது அவன் சந்தோஷ்குமாரைத் தனியாகக் கூப்பிட்டான். அடுத்த ஞாயிறு உங்கள் காட்டுப் பக்கம் வந்துவிடும், அதற்குள் உங்கப்பாவிடம் கேட்டு இடத்தைக் குறித்து வையுங்கள் என்றான். சந்தோஷ்குமாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அம்மா சொன்னதைப் பச்சமுத்து முழுக்கச் சொன்னான். முப்பது வயதில் ஒருத்தனுக்கு, தனக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள் என்று வண்டி ஓட்டுகிறவன் சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து நேராகக் கட்டுத்தரைக்குப் போனான். வெள்ளியங்கிரி எருமைக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். இந்த ஐந்து வாரத்தில் அவர் வாய்க்கால் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

"அப்பா, அம்மா அங்க எதுக்கு நிக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அவர் தட்டு வெட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எங்கீங்ப்பா வெச்சீங்க? எடத்தச் சொன்னீங்கன்னா முன்னாடியே எடுத்து நம்ம காட்டுக்குள்ள வெச்சரலாம். வர்ற ஞாயித்துக்கெழமை மெஷினு நம்மகிட்ட வந்துருது."

"நாபகமில்ல."

"அதெப்படீங் நாபகமில்லாம போகும்?"

"முப்பது வருசத்துக்கு முந்துன சமாச்சாரம்டா. போய்ச் சோலியப் பாரு."

எந்தத் தென்னையை எந்த வருஷம் வைத்தோம், எந்தக் கிடேரி எந்தக் கிழமை கன்று போட்டது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடிய மனிதர் அவர். சந்தோஷ்குமாருக்கு ஆத்திரம் வந்தது.

"அந்தம்மா வெயில்ல நின்னு கண்ணு செவந்து வாராங்க. ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்ப்பா?"

"வாய்க்கால வெட்டறேன்னு கெளம்புனது நீங்க. அது பாட்டுக்குக் கெடந்துது. கெடந்திருந்தா ஒண்ணுமில்ல" என்றார் அவர். அரிவாளைக் கூரையில் செருகிவிட்டுக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் இறங்கிப் போனார்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின ஞாயிறு அது. குப்பாயி புதுத் துண்டு ஒன்றும், புளி போட்டு விளக்கிய பித்தளைச் சொம்பு ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். எலும்பை எடுத்துப் போட்டுக்கொள்ள. சந்தோஷ்குமார் இளவழகனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தான். இளவழகன் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். பேச்சு என்றால் மூன்று வரிதான். இந்த அம்மாவுடைய குழந்தை இங்கே இருக்கிறது, இவர்கள் காட்டோரம் நூற்றைம்பது அடிக்கு ஜேசிபி இறங்காது, கையால்தான் வேலை.

முள்ளை வேரோடு பிடுங்கினார்கள். மேலாகக் கிடந்த சாக்கையும் கோழி இறகையும் வழித்து அப்பால் போட்டார்கள். அதற்குக் கீழே சாம்பல் நிற வண்டல், அதற்கும் கீழே நத்தை ஓடு கலந்த களிமண். மண்வெட்டி போட்டால் உடைந்துவிடும் என்று களைக்கொத்தால் சுரண்டினார்கள். கட்டட வேலைக்கு மணல் சலிக்கிற சல்லடையைக் கொண்டுவந்து தமிழினியும் இன்னும் இரண்டு பெண்களும் மண்ணைச் சலித்தார்கள். காற்று சலித்த மண்ணை அவர்கள் கண்ணிலேயே அடித்தது. வழக்கமாக அந்தக் குழுவில் பாட்டு ஓடும், கிண்டல் ஓடும். அன்று முப்பது பேர் மண்டிபோட்டு மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார்கள், ஒரு சத்தம் இல்லை. ஊர்க்காரர்கள் சிலரும் வந்தார்கள். எல்லைத் தகராறு என்று சொன்னவர்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

பதினோரு மணி வாக்கில் தமிழினி சல்லடையிலிருந்து வெளுத்துப்போன சின்ன எலும்பு ஒன்றை எடுத்தாள். குப்பாயி ஓடினாள். அதை வாங்கித் துண்டில் வைத்தாள். பச்சமுத்து வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"ஆட்டுக்குட்டி காலும்மா இது. பாருங்க, குளம்பு ஒட்டியிருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி."

"ஆடுதாம்மா."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, "அக்கட்டால பாக்கலாமுங்" என்றாள். எல்லோரும் அந்தப் பக்கம் நகர்ந்து மறுபடி மண்டிபோட்டார்கள். அப்போதுதான் வெள்ளியங்கிரி வேலியைத் தாண்டி வந்தார். எவ்வளவு நேரமாகக் குச்சிக்கிழங்குச் செடிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார், கோயிலுக்குள் போகிறவர் மாதிரி.

"எந்திரிங்க சாமி. எல்லாரும் எந்திரிங்க. இதுல ஒண்ணும் இல்லீங்."

"எடம் இது இல்லீன்னா எதுன்னு சொல்லுங்ப்பா" என்றான் சந்தோஷ்குமார்.

"எந்த எடமும் இல்லடா. நான் பொதைக்கவே இல்ல."

குப்பாயி அவருக்கு நேராக வந்து நின்றாள்.

"பொறவு என்ன பண்ணுனீங்க?"

"அது சாகல குப்பாயி." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கையிலிருந்த சொம்பைப் பார்த்துப் பேசினார். "உனக்கு நெனவில்ல. ஆத்தா துணியில சுத்திக் கையில குடுத்துச்சு. மூணாவதும் பொட்டப்புள்ள, வாய்க்காலுக்குக் கொண்டுபோய் முடிச்சுட்டு வாடான்னுச்சு. நானும் வந்தேன். மம்பட்டியில குழி வெட்டிப்புட்டேன். இல்லீன்னு சொல்லமாட்டேன். தோளு மேல படுத்திருந்துது. சட்டையில ஒண்ணுக்குப் போயிருச்சு. சுடச்சுட முதுகுல எறங்குச்சு. அதுக்கு மேல எனக்கு ஆகல."

"சொல்லுங்க."

"வெறுங்குழிய மூடி, மேல முள்ளு வெட்டிப் போட்டுட்டு ரோட்டுக்கு நடந்தேன். சேலத்துல ஆஸ்பத்திரியில தொட்டில் வெச்சிருக்கறாங்க, வேண்டாத புள்ளையக் கவருமெண்டு வளக்கும்னு அப்ப பேசிக்குவாங்க. பஸ் ஏறிப் போயி அதுல உட்டுட்டு வந்துட்டேன்."

எங்கள் பக்கத்தில் பச்சைக்குழந்தையைப் புதைத்துவிட்டு வருகிறவன் புதைத்தேன் என்று சொல்லமாட்டான். வாயில் வராது. உட்டுட்டு வந்தேன் என்றுதான் சொல்வான். தொட்டிலில் போட்டுவிட்டு வந்தவனும் அதையேதான் சொல்லியிருக்கிறான். அம்மாவிடம் பொய் சொல்லத் தெரியாத வெள்ளியங்கிரி அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னார். கேட்டவர்கள் அதைச் சாவாக எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் முப்பத்திரண்டு வருஷம் ஒளிந்திருந்துவிட்டார் மனிதர். அம்மா இருந்தவரை அம்மாவுக்குப் பயம். அம்மா போனபிறகு பெண்டாட்டிக்குப் பயம்.

"வழியில அழுதுதுங்களா?" என்று கேட்டாள் குப்பாயி.

"ராசிபுரம் தாண்டி அழுதுச்சு. பஸ்ஸுல ஒரு கைக்கொழந்தைக்காரி வாங்கி மடியில போட்டுப் பால் குடுத்துச்சு. புள்ளையோட ஆத்தா எங்கன்னு கேட்டுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கறா, அவகிட்டத்தான் கொண்டு போறேன்னேன். பொறவு தூங்கிருச்சு."

"குடிச்சுதா?"

"நல்லாக் குடிச்சுது."

குப்பாயி தலையை ஆட்டினாள். குழந்தை பால் குடித்த செய்தி அப்போதுதான் வந்ததுபோல் கேட்டுக்கொண்டாள். அவள் முகம் ஒரு நிமிஷம் தெளிந்தது. அங்கே நின்றவர்களுக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷம் அவளுக்கு வேறொன்று உறைத்தது.

"அப்ப அது இருந்திருக்குது. நான் வருசா வருசம் இங்க வந்து பால ஊத்துனப்பவெல்லாம் அது எங்கியோ உசுரோட இருந்திருக்குது."

அவர் இன்னும் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்ததுக்கு ஊத்தற பால இருக்கற புள்ளைக்கு ஊத்தியிருக்கறேன். பெத்தவ நானே. அத்தன வருசமும் நீங்கதான கறந்து என்ற கையில குடுத்தீங்க. ஒரு வருசமாச்சும் ஊத்தாதடீன்னு ஒரு வார்த்த சொல்லலாமில்லீங்களா? எடுத்துட்டுப் போனதக் கூடப் பொறுத்துக்குவேன். என்னைய ஊத்த உட்டீங்களே."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கேட்டவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தமிழினி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். வெள்ளியங்கிரி நின்ற இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டார். யாரும் போய் அவரைத் தொடவில்லை. அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. இதை எழுதுகிற எனக்கும் தெரியவில்லை.

குப்பாயி புதுத் துண்டை உதறி மடித்தாள். பச்சமுத்துவிடம் போனாள்.

"வண்டிய எறக்கிக்கங்க சாமி. உங்க சோலியக் கெடுத்துப் போட்டேன்."

அவன் வண்டியில் ஏறினான். சாவியைத் திருகவே அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

வாய்க்கால் புரட்டாசியில் முடிந்தது. ஐப்பசி மழைக்கு மலையிலிருந்து செந்தண்ணீர் இறங்கி, நுரையும் சருகுமாக ஊருக்குள் வந்தது. ஏரிக்கரையில் கிடா வெட்டினார்கள், இளவழகனுக்கு மாலை போட்டார்கள். தண்ணீர் தங்கள் காட்டோரம் போவதைக் குப்பாயி வந்து பார்க்கவில்லை. சமைத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், கிழங்குக்காட்டில் களை எடுத்தாள். புருஷனோடு மட்டும் பேச்சு இல்லை. தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். அவர் சாப்பிட்டு அவரே தட்டைக் கழுவி வைப்பார்.

மழை விட்ட ஒரு திங்கட்கிழமை சந்தோஷ்குமார் அம்மாவைச் சேலத்துக்குக் கூட்டிப்போனான். கூப்பிடாமலே வெள்ளியங்கிரியும் பஸ் ஏறி மூன்று சீட் பின்னால் உட்கார்ந்தார். குழந்தைகள் விவகாரத்தைப் பார்க்கும் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இங்க பாருங்கம்மா. தத்துக் குடுத்திருந்தா யாருக்குக் குடுத்தோம்னு நாங்க சொல்லக்கூடாது. அவங்களாத் தேடிட்டு வந்தா அப்ப பாக்கலாம். நீங்க வேணும்னா விவரம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, ஃபைல்ல வெச்சிருக்கேன். என்னிக்காவது வந்தா உதவும்."

"வருமுங்களா?"

"அத நான் எப்படிம்மா சொல்றது. தான் தத்துப் பிள்ளைன்னே சில பேருக்குத் தெரியாது. இருக்காங்களா இல்லையான்னு கூட என்னால இப்ப சொல்ல முடியாது. அந்தக் காலத்துல வந்தது நிறைய தங்கலம்மா. எடை கம்மியா வரும்."

சந்தோஷ்குமார் அந்த அம்மாவை நிறுத்தச் சொல்லிக் கண்ணால் ஜாடை காட்டினான். அவர் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். பெயர், ஊர், போன் நம்பர். குழந்தையை விட்ட தேதியைக் கேட்டார். குப்பாயிக்குத் தெரியவில்லை. கதவோரம் நின்றிருந்த வெள்ளியங்கிரி தேதியைச் சொன்னார், கிழமையைச் சொன்னார், சாயங்காலம் நாலு மணி இருக்கும் என்றார், சுற்றியிருந்தது பச்சைக்கரை போட்ட பழைய வேட்டித் துணி என்றார். எழுதுகிற அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு எழுதினார். குப்பாயி அவர் பக்கம் திரும்பவில்லை.

"மொத்தம் உங்களுக்கு எத்தனை குழந்தைங்கம்மா?"

"நாலுங்."

"உயிரோட இருக்கறது?"

சந்தோஷ்குமார் வாயைத் திறக்கப்போனான். குப்பாயி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நாலும் இருக்குதுங். அப்படியே எழுதுங்க சாமி" என்றாள்.